பீங்கானில் தளிர்க்கும் இலை

தலவாக்கலையைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் எங்கு நோக்கினும் தேயிலைக் கொழுந்து தென்படும். அக்கொழுந்தின் சாறு சென்றடையும் இடம் பீங்கான் கோப்பை. இவ்விரண்டையும் நாள்தோறும் காணும் நம்மிற் பலர், பீங்கானே இலையாகத் தளிர்க்கும் ஒரு கலையுண்டு என்பதை அறியார். அக்கலையின் இயல்பையும், அதனிடம் நாம் கற்கத்தக்கதையும் இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலில் மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். நம் மலைநாட்டு மண் இரும்புச் சேர்க்கையாற் சிவந்தது. பீங்கானுக்கு வேண்டியதோ இரும்பு மிகக் குறைந்த வெண்களி. பெல்ஸ்பார் என்னும் கனிமம் நிறைந்த பாறைகள் நெடுங்காலம் நீராற் சிதைவுற்று இவ்வெண்களியாகின்றன. சீன நாட்டுக் கௌலிங் மலையின் பெயரால் இதனைக் கயோலின் என வழங்குவர். இலங்கையிற் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் இது கிடைக்கின்றது. இதனுடன் பெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் கலந்து ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடும்போது, பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோற் பரவி ஏனையவற்றைப் பிணைக்கின்றது. மெல்லிய பீங்கானில் ஒளி ஊடுருவுதற்குக் காரணம் இதுவே. சீனர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்ட இம்முறையை ஐரோப்பியர் 1708ஆம் ஆண்டளவிற்றான் ஜேர்மனியிற் கண்டறிந்தனர்.

கைவினைஞருக்குப் பீங்கான் களி எளிதில் இணங்குவதன்று. சாதாரணக் களிமண்ணின் குழைவு இதற்கில்லை. ஒருமுறை வளைத்து நிமிர்த்திய தகடு சூளையிற் பழைய வளைவையே மீண்டும் நாடும். உலரும்போதும் சுடும்போதும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கும். ஒட்டிய இரு பகுதிகளின் ஈரம் ஒத்திராவிடின், அவை வெவ்வேறாகச் சுருங்கிப் பிளவுபடும். மிகு வெப்பத்தில் மெல்லிய விளிம்புகள் தளர்ந்து சாயும்.

இத்தகைய களியில் இலைகளைப் படைத்துப் புகழ்பெற்றவர் ஹிட்டோமி ஹொசோனோ என்னும் அம்மையார். 1978இல் ஜப்பானின் கிஃபு மாகாணத்திற் பிறந்து, கனசாவாவிலும் கோப்பன்ஹேகனிலும் பயின்று, 2009இல் இலண்டன் றோயல் கலைக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். ஜோசையா வெட்ஜ்வுட் 18ஆம் நூற்றாண்டில் மெருகேற்றிய முறையொன்று அவரைக் கவர்ந்தது. சிற்றுருவங்களை அச்சில் வார்த்துக் கலத்தின்மேல் ஒட்டும் முறை அது.

அவர் முதலிற் செடியை அணுகி நரம்பும் விளிம்பும் மடிப்பும் உற்றுநோக்குவார். பின்னர் இலையுருவைச் செதுக்கிச் சாந்து அச்சு எடுப்பார். அச்சிலிருந்து எடுத்த ஒவ்வோர் இலையையும் நுண்கருவியாற் கூர்மைப்படுத்தி, சக்கரத்தில் வனைந்த கலத்தின்மேற் கையால் ஒட்டுவார். அடிக்கலம் மறையும்வரை இலைமேல் இலையாக நூற்றுக்கணக்கில் அடுக்குவார். அதன்பின் விரிசல் நேராவண்ணம் நெடுநாள் மெல்ல உலர்த்துவார். பிரித்தானிய அரும்பொருட்காட்சியகமும் விக்டோரியா அல்பேட் காட்சியகமும் அவருடைய ஆக்கங்களைப் பேணுகின்றன.

இவ்வாக்கங்களின் சிறப்பு இலையை ஒத்திருத்தலோடு அமைவதில்லை. ஓரிலை மற்றோர் இலைக்கு வழிவிட்டு ஒளியை நாடி வளரும் ஒழுங்கே அங்குப் பதிந்துள்ளது. அவ்வொழுங்கை அறிதற்கு நூலறிவு துணைசெய்யும்; ஆயினும் கண்ணும் விரலும் நெடுங்காலம் பழகினாலன்றி அது கைகூடாது.

இவ்விடத்தில் நம் தோட்டங்களை நினைத்தல் தகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எதுவெனக் கணப்பொழுதில் உணரும் விரல்கள் நம் தாய்மாருடையவை. முற்றிய இலையையும் இளந்தளிரையும் தொட்டமாத்திரத்தே பிரித்தறியும் அவ்வறிவு, மாலையில் தராசில் நிறையாக மட்டுமே மதிப்பிடப்படுகின்றது. அவர்தம் பிள்ளைகளாகிய நாமோ, கல்வியின் பயன் கைத்தொழிலினின்று விலகுதலே என எண்ணி எழுதுவினைஞர் பதவிகளையே நாடினோம். வறுமை நீங்க அவ்வழி உதவியதென்பதை மறுப்பாரிலர். ஆயினும், விரல்களின் அறிவு நம் தலைமுறையோடு அற்றுப்போதல் பெரும் இழப்பாகும்.

வெண்களி இந்நாட்டிலுண்டு. மாத்தளையில் 1970களிலேயே ஜப்பானியர் பங்குடன் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. மலைநாட்டுப் பாடசாலைகளிற் சித்திர வகுப்பின் அருகே ஒரு சிறு சூளையும் இடம்பெறுமாயின், செடியை உற்றுநோக்கும் பயிற்சி மாணவர்க்கு வாய்க்கும். பொருள் வசதி பெற்ற பழைய மாணவர்கள் யூபிலி ஆண்டின் அறப்பணியாக இதனை எண்ணிப்பார்ப்பாராக. கொழுந்தறிந்த கைகளின் வழித்தோன்றல்கள் களியிலும் இலையைத் தளிர்ப்பித்தல் அரிதன்று.