ஐந்து கிட்டாரும் ஒரு வீணையும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அறையில் ஐந்து கிட்டார் வைத்திருக்கிறான். ஆறாவதற்கு முன்பணம் கட்டிவிட்டதாகப் போனில் சொல்லியிருக்கிறான். "என் மாமியார் ஒரே வீணையை ஐம்பது வருஷம் வாசித்தார். இன்னொன்று வேண்டும் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்த வீணை இப்போது பீரோவுக்கு மேலே கிடக்கிறது. இவனுக்கு மட்டும் ஏன் ஒன்று போதவில்லை? இது ஏதாவது வியாதியா சார்?" என்று முடித்திருந்தார்.

வியாதி என்றே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார், அம்மா. ஸ்டீலி டான் என்ற அமெரிக்க இசைக்குழுவின் வால்ட்டர் பெக்கர், 'கிட்டார் பிளேயர்' இதழில் 1990-களில் எழுதிய கட்டுரையில் இதற்கு 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டினார். கிட்டார் வாங்கிச் சேர்க்கும் நோய். இன்று கேமரா லென்ஸ் வாங்கிக் குவிப்பவர்கள்கூட இந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றித் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். பெக்கர் 2017-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, கிட்டார்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தன.

ஒன்றுக்கு மேல் வாங்குவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரின் உடம்பு வேறு, ஸ்டீல் கம்பிக்கென்று செய்ததன் உடம்பு வேறு. ஆறு நைலான் கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவை கொடுக்கும். ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல். கல்லூரிக் காலத்தில் நான் வாங்கிய முதல் கிட்டார் நைலான் ஜாதி. கடைக்காரர் அதில் ஸ்டீல் கம்பியை மாட்டி, "இதுதான் சத்தம் நல்லா வரும்" என்று கொடுத்துவிட்டார். நான்காவது மாதம், ஒரு மத்தியான நேரத்தில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மேற்பலகையிலிருந்து பிய்ந்து எழும்பியது. விட்டுப்போன இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைக்க முடிந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரிலும் இரண்டு குலம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப் பளிச்சென்று பேசும், ஆனால் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்து, ரீங்காரத்தை ரீங்காரத்தாலேயே அடித்துத் தள்ளினார். அந்த இரட்டைச் சுருளின் குரல் கொஞ்சம் கனம். இரண்டும் வேண்டும் என்று கேட்பவனைக் குறை சொல்ல முடியாது. இப்படிக் கணக்குப் பார்த்தால் மூன்று வரும், தாராளமாகப் போனால் நாலு.

ஐந்தாவதும் ஆறாவதும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. என் அனுபவத்தில் அந்த இடம் காது.

உங்கள் மகன் ஊருக்கு வரும்போது ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ட்யூனரை வைத்து ஆறு கம்பிகளையும் துல்லியமாகச் சுருதி சேர்த்துக்கொள்ளட்டும். ஈ மேஜர் என்ற கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடி) வைத்துக்கொண்டு, நாலாவது கம்பியையும் மூன்றாவது கம்பியையும் மட்டும் சேர்த்து மீட்டட்டும். ஒலி அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், உள்ளுக்குள் ஒரு துடிப்பு தெரியும். நொடிக்கு ஆறேழு தடவை. சின்ன வயதில் எங்கள் ஊரில் அடுத்தடுத்த வயல்களில் இரண்டு பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், ஆனால் முழுக்க ஒன்றல்ல. காற்றில் 'வோங்... வோங்...' என்று ஒரு அலை வந்துகொண்டே இருக்கும். அதே சங்கதிதான் இது.

இப்போது அவன் மூன்றாவது கம்பியை மயிரிழை தளர்த்தினால் துடிப்பு குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடும். கார்டு தேனாக இனிக்கும். சந்தோஷத்தோடு அடுத்து ஜி மேஜர் பிடித்தால் முகம் சுருங்கும். ஆறாவது கம்பியில் ஒரு ஜி, மூன்றாவது கம்பியில் ஒரு ஜி, இரண்டும் ஒரே ஸ்வரம். அந்த இரண்டும் இப்போது ஒன்றோடொன்று ஒட்டாது. ஜி-யைச் சரிசெய்தால் ஈ கெடும். ஈ-யைச் சரிசெய்தால் ஜி கெடும்.

சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே காது தேடுகிற சுத்தமான விகிதம் நாலுக்கு ஐந்து. கிட்டாரின் ஃப்ரெட், அதாவது மெட்டு, கொடுக்கிற காந்தாரம் அதைவிடச் சற்று மேலே நிற்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கி, ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். அந்தக் கணக்கில் 14 சென்ட் கூடுதல். செய்தவர் தப்பாகச் செய்யவில்லை, தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார். எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து வாசித்தாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டிவிட்டார்கள். 648 மில்லிமீட்டர் கம்பி என்றால் அதை 17.817-ஆல் வகுத்து, 36.4 மில்லிமீட்டரில் முதல் ஃப்ரெட். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து இரண்டாவது. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில், 324-இல் வந்து விழும். இந்த வகுத்தல் பழையது. லூட் என்ற நரம்பு வாத்தியத்துக்கு 18-ஆல் வகுக்கச் சொல்லி 1581-ல் புத்தகம் எழுதியவர் வின்சென்ஸோ கலிலி. வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் அப்பா.

ஆக, உலகத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டாராக இருந்தாலும், அதன் எல்லாக் கார்டுகளும் ஒருசேரச் சுத்தமாக இருக்காது. காது நுட்பமாக வளர வளர, வாசிப்பவனுக்கு இது உறுத்த ஆரம்பிக்கிறது. பாவம், அவன் தன் கிட்டாரைச் சந்தேகிக்கிறான். கடைக்குப் போகிறான். அங்கே தொங்குகிற ஒன்றை எடுத்து வாசிக்கிறான், நன்றாக இருக்கிறது. புதுக் கம்பிகள், அதனால் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து வியர்வையும் விரல் அழுக்கும் கம்பிச் சுற்றுகளுக்குள் இறங்கினால், மூன்றே மாதத்தில் மேல் ஒலிகள் மங்கி, சுருதி அலைய ஆரம்பிக்கும். மறுபடி கடை.

வீணைக்கு இந்த அவஸ்தை இந்த அளவுக்குக் கிடையாது. 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார்கள். மேளம் கட்டுவது என்பார்கள். வாசிப்பு முழுக்க ஒரே சட்ஜத்தைச் சுற்றி நடக்கிறது. மிச்சம் மீதியைக் கம்பியை இழுக்கிற விரல் பார்த்துக்கொள்ளும். மெழுகு தளர்ந்தால் திரும்பக் கட்டலாம். உங்கள் மாமியாரின் போதுமென்ற மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாத்தியம் அவர் காதுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ள இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிட்டாரும் கொஞ்சம் இடம் கொடுக்கும், கேட்கத் தெரிந்தால். என்னுடைய இரண்டாவது கிட்டாரில் எஃப் கார்டு எப்போதும் கரகரத்தது. மூன்றாவது வாங்கப் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பியவனை ஒரு நண்பர் சென்னையில் ஒரு மாடி அறைக்குக் கூட்டிப்போனார். வாத்தியங்கள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார். கிட்டாரை வாங்கி மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று குனிந்து பார்த்தார். "நட்டு ஒசரமா இருக்கு தம்பி. நீ அமுக்குறப்பவே கம்பி இழுபடுது. சுருதி ஏறிடுது." கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, ஊசி மாதிரி ஒரு அரத்தை எடுத்து, தலைப்பக்கத்து எலும்புத் துண்டில் இருந்த பள்ளத்தை நாலே இழுப்பு இழுத்தார். திரும்பக் கம்பியைப் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு இழுப்பு. ஆறு பள்ளத்துக்கும் இப்படியே. மறுமுனையில் கம்பிகள் அமர்ந்திருக்கும் சேடில் சாய்வாக இருப்பதைக் காட்டி, தடிமனான கம்பி அமுக்கும்போது அதிகமாகச் சுருதி ஏறும், அதனால் அதற்குச் சில மில்லிமீட்டர் நீளம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஒரு மணி நேரம் ஆகவில்லை. புதுக் கம்பி மாட்டிக் கொடுத்தார். எஃப் கார்டு முதல் தடவையாக ஆறு குரலிலும் திறந்து ஒலித்தது. மூன்றாவது கிட்டார் வாங்கவில்லை.

வாங்கிக் கட்டிலடியில் போட்டு வைப்பதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அதற்குக் காரணம் மரம். நல்ல கிட்டாரின் முதுகுக்கும் விலாவுக்கும் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் ஒரு காலத்தில் தேடினார்கள். அது கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்றால் நம் ஈட்டி மரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரம். அதன் ஜாதி மரங்கள் முழுவதையும் 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இசைக்கலைஞர்கள் சிரமப்பட்டார்கள் என்பதால், 2019 நவம்பர் முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மரம் பழைய வேகத்தில்தான் வளர்கிறது. அப்படிப்பட்ட மரத்தைப் பலகையாக்கி, 70 கிலோ இழுவையை அதன் மேல் ஏற்றி, கம்பி துருப்பிடிக்க மூலையில் சாய்த்து வைக்கிறோம். கழுத்து வளைகிறது. சென்னையின் ஈரத்தில் மேற்பலகை உப்புகிறது, ஏ.சி. போட்டால் சுருங்குகிறது. வாசிக்காத கிட்டாரைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, வாங்க முடியாமல் நிற்கிற பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

அதே 1969-ல் வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகர் மார்ட்டினின் நைலான் கம்பிக் கிட்டார் ஒன்றை வாங்கினார். அதற்கு 'ட்ரிக்கர்' என்று பெயர். அரைநூற்றாண்டுக்கு மேல் அதையேதான் மேடையில் வாசித்துவருகிறார். அந்த வகைக் கிட்டார் விரலால் வாசிக்கவென்று செய்தது, பலகையைக் காக்கத் தகடு கிடையாது. அவர் பிக் வைத்து வாசிக்கிறார். ஒலித்துளைக்குக் கீழே மரம் தேய்ந்து தேய்ந்து, உள்ளே தெரிகிற அளவுக்கு இன்னொரு ஓட்டை விழுந்திருக்கிறது.

பீரோ மேலே இருக்கிற வீணையை இறக்குங்கள், அம்மா. இத்தனை வருஷத்தில் மெழுகு வெடித்திருக்கும். உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம்தான், மேளம் கட்டுகிறவர்கள் கிடைப்பார்கள். மகன் லீவில் இருக்கும்போது ஏற்பாடு செய்து, அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பழைய மெட்டுகளைப் பெயர்ப்பதற்கு முன்னால், ஒரு நீளமான காகிதத்தை ஓரமாக வைத்து ஒவ்வொன்றின் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தூரங்களைக் கம்பியின் முழு நீளத்தால் வகுத்து, தன் கிட்டாரின் ஃப்ரெட் அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பாட்டியின் காது எந்தெந்த ஸ்வரத்தை எவ்வளவு நகர்த்தி வைத்திருந்தது என்று அவனுக்குத் தெரியவரும்.