மூன்று பூங்காக்களும் ஒரு வாளித் தாரும்

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்காக நீங்கள் எப்போதாவது ஒரு கோட்டை கட்டியிருக்கிறீர்களா? மூங்கில் சட்டம், அதன்மேல் அட்டை, அட்டையின்மேல் காகிதம், காகிதத்தின்மேல் வண்ணம். மேடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கற்கோட்டையே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். விழா முடிந்ததும் அதைப் பள்ளியின் பின்புறம் போட்டுவிடுவோம். ஒரு மழை பெய்தால் போதும். அட்டை உப்பும், வண்ணம் வழியும், கோட்டை குப்பையாகிவிடும்.

அப்படிப்பட்ட கோட்டையை ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாகக் கட்டி, கடற்கரையில் நிறுத்தி, பல ஆண்டுகள் அழகு குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சிலர் இதைத்தான் செய்ய முயன்றார்கள். அருகருகே மூன்று கேளிக்கைப் பூங்காக்கள். மூன்றுக்கும் கடும் போட்டி. ஒன்று 7 ஆண்டுகளே நிலைத்தது. இன்னொன்று 41 ஆண்டுகள். மற்றொன்று 67 ஆண்டுகள். இந்த வேறுபாட்டில் வேதியியலும் இயற்பியலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்போமா?

போட்டி தொடங்கியது

நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி இருக்கிறது கோனி தீவு. கோடைக்காலத்தில் நகர மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே காற்று வாங்கப் போவார்கள். 1897-இல் ஜார்ஜ் டில்யூ என்பவர் அங்கே ‘ஸ்டீப்பிள்சேஸ்’ என்ற பூங்காவைத் திறந்தார். சரிவான தண்டவாளங்களில் ஈர்ப்பு விசையால் ஓடும் பொம்மைக் குதிரைகள்தாம் அதன் சிறப்பு.

1902-இல் ஃபிரெடரிக் தாம்ப்சன், எல்மர் டண்டி என்ற இருவர் டில்யூவின் பூங்காவில் ‘நிலாப் பயணம்’ என்ற காட்சியை நடத்தினார்கள். மறு ஆண்டே அவர்கள் பிரிந்துபோய்ச் சொந்தமாக ‘லூனா பார்க்’ பூங்காவைத் தொடங்கிவிட்டார்கள். 1903 மே 16 அன்று மாலை அதன் கதவுகள் திறந்தபோது 2,50,000 மின்விளக்குகள் ஒளிர்ந்தன. வீடுகளில் மின்விளக்கு அரிதாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைப் பார்த்த வில்லியம் ரெய்னால்ட்ஸ் என்ற அரசியல்வாதி சும்மா இருப்பாரா? 1904 மே மாதம் எதிரிலேயே ‘டிரீம்லாண்ட்’ பூங்காவைத் திறந்தார். அங்கே பத்து லட்சம் விளக்குகள் என்று விளம்பரம் செய்தார்கள். நடுவே 375 அடி உயரக் கோபுரம். அந்தக் கோபுரத்துக்கு மட்டும் ஒரு லட்சம் விளக்குகள்!

அலங்காரத்திலும் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். லூனா பார்க்கில் வெங்காயக் குவிமாடங்கள், மெல்லிய கோபுரங்கள், பிறைகள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஒரு கட்டடம்போல் இன்னொன்று இராது. டிரீம்லாண்டிலோ எல்லாமே வெள்ளை. நடுவில் நீர்நிலை; இரு புறமும் ஒழுங்காக நிற்கும் மாளிகைகள்.

வெள்ளை அழகுதான். ஆனால், வெள்ளைச் சட்டை அணிந்து பள்ளிக்குப் போகும் உங்களுக்கு அதன் தொல்லை தெரியாதா? பல வண்ணச் சுவரில் ஒரு கறை பட்டால் அது வண்ணங்களுக்கிடையே மறைந்துவிடும். வெள்ளைச் சுவரில் பட்டாலோ தூரத்திலிருந்தே தெரியும். மேலும், அக்காலத்து வெள்ளைப் பூச்சுகளில் பெரிதும் பயன்பட்டது ஈய வெள்ளை. நிலக்கரிப் புகையுடன் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் அதில் கரிய ஈய சல்ஃபைடு உண்டாகும். நிலக்கரியால் இயங்கிய ஒரு நகரத்தின் ஓரத்தில் வெள்ளை வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது, தினந்தோறும் துடைக்கும் வேலையையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாகும்!

மாளிகை எதனால் ஆனது?

இத்தனை மாளிகைகளையும் சில மாதங்களில் எப்படிக் கட்டினார்கள்? அவை கல்லும் அல்ல, செங்கல்லும் அல்ல. மரச்சட்டங்களின்மேல் மெல்லிய மரப்பட்டிகளை அடித்து, அவற்றின்மேல் பாரிஸ் சாந்தையும் சணல் போன்ற நாரையும் கலந்து பூசியிருந்தார்கள். 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியிலும் இதே முறையில்தான் வெள்ளை மாளிகைகளை எழுப்பினார்கள். அந்தப் பொருட்காட்சி ஆறு மாதங்களுக்கு உரியது. எனவே, அங்கே அது பொருத்தமான பொருள்.

பாரிஸ் சாந்தின் வேதியியல் எளியது. ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடும். எஞ்சும் வெள்ளைப் பொடிதான் பாரிஸ் சாந்து. அதில் நீர் சேர்த்தால் சில நிமிடங்களில் மீண்டும் ஜிப்சமாக மாறிக் கெட்டிப்படும். அச்சில் ஊற்றினால் சிங்கமும் தூணும் தேவதையும் விரைவாகக் கிடைத்துவிடும்.

ஆனால், ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் கரையும். ‘இவ்வளவுதானே?’ என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மழையும் சிறிது சிறிதாகச் சிற்பத்தின் மூக்கையும் முழியையும் கரைத்துக்கொண்டே இருக்கும். பூசிய வண்ணம் எங்காவது உரிந்தால் அங்கிருந்து ஈரம் உள்ளே புகும். உள்ளிருக்கும் நார் மக்கும்; ஆணி துருப்பிடிக்கும். கடற்காற்றிலுள்ள உப்பு துருவை மேலும் விரைவுபடுத்தும். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். அதனால் ஆணி தடித்துத் தன்னைச் சுற்றியுள்ள சாந்தைப் பிளந்துவிடும்.

பிறகு குளிர்காலம் வரும். கோனி தீவின் பூங்காக்கள் கோடையில் மட்டுமே திறந்திருக்கும். ஆளில்லாத அந்த மாதங்களில் விரிசல்களில் தேங்கிய நீர் உறையும். உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மயிரிழை விரிசல் விரல் நுழையும் வெடிப்பாகும். எனவே, ஒவ்வோர் இளவேனிலிலும் கதவைத் திறப்பதற்கு முன் ஒட்டுப்போட்டு, ஓட்டை அடைத்து, மறுபடியும் வண்ணம் பூசவேண்டும். மூன்று பூங்காக்களுக்கும் இதே கதைதான்.

விளக்குக் கணக்கு

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாளைய மின்விளக்குகளில் கரி இழை இருந்தது. ஒரு விளக்கு 600 மணி நேரம் எரியும் என்றும், ஓர் இரவுக்கு 5 மணி நேரம் எரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் ஆயுள் 120 இரவுகள். 2,50,000 விளக்குகளில் சராசரியாக ஓர் இரவுக்கு எத்தனை அணையும்? 2,50,000-ஐ 120-ஆல் வகுத்தால் 2,083 வருகிறது. பத்து லட்சம் விளக்குகளானால் நாளொன்றுக்கு 8,333!

ஏணி வைத்து ஏறி ஒரு விளக்கை மாற்ற 2 நிமிடம் ஆகட்டும். 2,083 விளக்குகளுக்குச் சுமார் 70 மணி நேர வேலை. நாளுக்கு 8 மணி நேரம் உழைக்கும் 9 பேர் வேண்டும். பத்து லட்சம் விளக்குகளுக்கு 35 பேர் வேண்டும். இது நாம் போட்ட கணக்குத்தான். ஆயினும் உண்மை ஒன்று தெளிவாகிறது. எதிரியைவிட நான்கு மடங்கு விளக்கு வைத்தால் கண்ணுக்கு விருந்து நான்கு மடங்கு என்று சொல்ல முடியாது. ஆனால் பராமரிப்பு வேலை நிச்சயமாக நான்கு மடங்கு. மாற்ற முடியாமல் விட்டால், ஒளிமாலையில் பல் விழுந்ததுபோல் இருட்டுத் துளைகள் தோன்றும்.

இன்னொரு செய்தி: கரி இழை விளக்கு, தான் பெறும் மின்னாற்றலில் மிகச் சிறிய பகுதியையே ஒளியாக மாற்றுகிறது. மற்றவையெல்லாம் வெப்பம். மரமும் நாரும் நிறைந்த சுவர்களில் லட்சக்கணக்கான சிறு அடுப்புகளையும், அவற்றுக்கான மைல் கணக்கான கம்பிகளையும் பொருத்தியிருந்தார்கள் என்றே சொல்லலாம்.

திறப்பதற்கு முந்தைய இரவு

டிரீம்லாண்ட், எதிர்பார்த்த அளவுக்கு வருவாய் ஈட்டவில்லை. 1911-ஆம் ஆண்டுக் கோடைக்காக அதற்குப் புது வண்ணம் பூசினார்கள். வெள்ளை போயிற்று, வெளிர்மஞ்சளும் சிவப்பும் வந்தன. மே 27 சனிக்கிழமை. கோடைக் கூட்டம் தொடங்கும் நாள். ஆனால், ஒரு வேலை மட்டும் முடியவில்லை. ‘நரக வாயில்’ என்ற படகுச் சவாரியில் நீர் கசிந்தது. அன்று விடியுமுன் அதைச் சூடான தாரால் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவுக்குப் பின் மின் கோளாறினால் விளக்குகள் அணைந்தன. இருட்டில் யாருடைய காலோ பட்டுத் தார் வாளி கவிழ்ந்தது. தீ பற்றியது.

ஜிப்சம் எரியாத பொருளாயிற்றே, அது தீயைத் தடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தடிமனான, வெடிப்பில்லாத ஜிப்சப் பூச்சு உண்மையிலேயே தீயைத் தாமதப்படுத்தும். அதில் அடங்கிய நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். ஆனால், அங்கே இருந்தது வெடிப்புகள் நிறைந்த மெல்லிய ஓடு. அதற்குப் பின்னால் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் காய்ந்த மரம். வெடிப்பு வழியே உள்ளே நுழைந்த தீக்கு அந்த இடைவெளி புகைபோக்கிபோல் ஆயிற்று. வெப்பக்காற்று மேலே போகப் போகக் கீழிருந்து புதுக்காற்று வந்து தீயை வளர்த்தது. கடற்காற்றும் கைகொடுத்தது. சில மணி நேரத்தில் கோபுரம் சாய்ந்தது. விடிந்தபோது டிரீம்லாண்ட் இல்லை. தீயணைப்பு வீரர்களின் சாகசத்தையே தினமும் காட்சியாக நடத்திவந்த பூங்கா அது!

அங்கே மருத்துவக் கண்காட்சி ஒன்றும் இருந்தது. குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வெதுவெதுப்பாக வைத்துக் காப்பாற்றிவந்தார் மார்ட்டின் கௌனி என்பவர். அந்தக் குழந்தைகளை எல்லாம் செவிலியர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மனித உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால், விலங்குக் காட்சியில் இருந்த பல விலங்குகள் மாண்டன. டிரீம்லாண்டை மீண்டும் யாரும் கட்டவில்லை. அந்த நிலத்தில் 1957 முதல் நியூயார்க் நகர நீர்வாழ் உயிர்க்காட்சியகம் இருக்கிறது.

டில்யூ கற்ற பாடம்

மூன்று பூங்காக்களில் பழையதான ஸ்டீப்பிள்சேஸ் என்ன ஆயிற்று? அதுவும் 1907-இல் தீக்கிரையானதுதான். டில்யூ கலங்கவில்லை. புகையும் இடிபாடுகளைப் பார்க்க 10 சென்ட் கட்டணம் என்று பலகை மாட்டினார்! ஆனால், அடுத்து அவர் செய்ததுதான் அறிவுடைமை. பெரிய விளையாட்டு மண்டபம் ஒன்றை எஃகாலும் கண்ணாடியாலும் கட்டினார். அதில் மாயக் கோபுரங்கள் இல்லை. ஆனால் மழை உள்ளே வராது. கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் தாராளமாக வரும். கண்ணாடியைக் கழுவினால் புதிதாகிவிடும். எஃகுக்கு உரிய காலத்தில் வண்ணம் பூசினால் துரு அண்டாது. அந்தப் பூங்கா 1964 வரை நடந்தது.

லூனா பார்க்கோ தன் கட்டடங்களை மாற்றிக்கொண்டே இருந்தது. புதுமையே அதன் உயிர். ஆயினும் 1930-களின் பொருளாதார மந்தத்தில் பணமில்லாமல் தள்ளாடியது. 1944-இல் பெருந்தீ அதன் கதையையும் முடித்தது. 2010-இல் அதே பெயரில் திறக்கப்பட்டிருப்பது வேறு ஒரு புதிய பூங்கா.

கோனி தீவில் 1920-இல் எழுந்த ‘வொண்டர் வீல்’ என்ற 150 அடி ராட்சத ராட்டினமும், 1927-இல் வந்த ‘சைக்ளோன்’ என்ற உருள் ஊர்தியும் இன்றும் ஓடுகின்றன. ராட்டினம் எஃகாலானது. சைக்ளோனின் பாதை மரம். தாங்கும் சட்டமோ எஃகு. தேய்ந்த மரத்தைப் பகுதி பகுதியாக மாற்றலாம். முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. வயதான பொறியைக் காப்பாற்றுவது இந்த வசதிதான்.

பராமரிப்பையும் வடிவமைக்கலாம்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் 1843 முதல் ‘டிவோலி’ என்ற பூங்கா இருக்கிறது. 1951-இல் அங்கே சென்ற வால்ட் டிஸ்னி அதன் தூய்மையைக் கண்டு வியந்தார். கோனி தீவின் அழுக்கோ அவருக்கு மனச்சோர்வையே தந்திருந்தது. 1955-இல் அவர் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது, துப்புரவுப் பணியையும் காட்சியின் ஒரு பகுதியாகவே கருதினார். பகலில் பெருக்குவோர் கூட்டத்தினூடே நடந்துகொண்டே இருப்பார்கள். இரவில் கழுவுவோரும் வண்ணம் பூசுவோரும் வருவார்கள். அங்குள்ள கோட்டையின் உயரம் 77 அடிதான். மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக அமைத்ததால் அது நெடிதுயர்ந்து தோன்றுகிறது. உயரத்தைக் கண்ணுக்குக் காட்டினால் போதும். அவ்வளவு உயரத்துக்கு ஏணி போட வேண்டியதில்லை! டிரீம்லாண்டின் 375 அடியை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே ஆராயுங்கள்

பாரிஸ் சாந்தில் இரண்டு சிறு வில்லைகள் செய்து நன்றாகக் காயவிடுங்கள். ஒன்றுக்கு எல்லாப் பக்கமும் எனாமல் வண்ணம் பூசுங்கள். இரண்டையும் எடைபோட்டு, சொட்டும் குழாயின் கீழ் ஒரு வாரம் வையுங்கள். மீண்டும் காயவைத்து எடைபோடுங்கள். பிறகு வண்ணம் பூசிய வில்லையில் ஆணியால் ஒரு கீறல் போட்டு மறுபடியும் சோதியுங்கள். ஒரு கீறல் என்ன செய்யும் என்பது புரியும்.

அடுத்த முறை எந்தப் பூங்காவுக்கோ பொருட்காட்சிக்கோ போனாலும், முகப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். கை படும் இடத்தில் வண்ணம் எப்படி இருக்கிறது? சுவர் தரையைத் தொடும் மூலையில் நீர் தேங்குகிறதா? இணைப்புகளில் துரு வழிந்திருக்கிறதா? எத்தனை விளக்குகள் அணைந்திருக்கின்றன? கோட்டையின் பின்புறம் எப்படி இருக்கிறது? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ராட்டினத்தின் திருகாணிகளை முடுக்குபவர்களும் பெரும்பாலும் இந்தச் சுவர்களைக் கவனிக்கும் அதே நிர்வாகத்தின் ஆட்கள்தாம்.

அலங்காரம் திறப்பு விழாவோடு முடிந்துவிடுவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. டிரீம்லாண்டுக்கு அழகு குறைவில்லை. கசிவை அடைக்கும் வேலை மட்டும் கடைசி இரவுக்குத் தள்ளிப்போயிற்று.