கப்பி கழன்ற கதை

இயந்திரத்தைப் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், ஒரு கப்பி எனக்குக் கற்பித்த பாடத்தை மறைத்தல் நன்றியன்று.

என் தந்தையார் விட்டுச்சென்ற உடைமைகளுள் ஒன்று ‘மொரிஸ் மைனர் 1000’ என்னும் மோட்டார் வண்டி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூண்ட ‘1000’ வகை 1956இல் தோன்றியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற் பெற்றோல் அருமருந்தாயிற்று. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயால் ஓட்டுதல் அந்நாள் வழக்கம். முற்றும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி, இயந்திர எண்ணெயை நீர்த்துவிடும், உறுப்புகள் தேயும். அத்துணைத் துன்பம் உற்ற வண்டியே, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்த இரவில், என் பாட்டியாரைத் தென்மராட்சி சேர்த்தது.

அண்மையில் அதன் முன்புறத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. “பழைய இரும்புக்குக் குடுத்துவிடுங்கோ, அண்ணை” என்றான் வெளிநாட்டிலுள்ள தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

எண்ணெய் தடுக்கும் வளையத்தை மாற்ற வேண்டுமாயின், இயந்திரத்தின் முதன்மைத் தண்டின் முனையிலுள்ள கப்பியைக் கழற்றல் வேண்டும். காற்றாடியைச் சுழற்றும் வார்ப்பட்டியை இழுப்பது அக்கப்பியே. பல்லாண்டுத் துருவால் அது தண்டோடு தண்டாய் இறுகியிருந்தது. நூலிற் கண்டவாறு ரேடியேற்றரையும் நடு மரையாணியையும் ஒருவாறு அகற்றிவிட்டேன். கப்பியோ அசையவில்லை. பொறுமை இழந்து, அலவாங்கை அதன் விளிம்பிற் கொடுத்து நெம்பினேன். கப்பி கழலவில்லை, விளிம்பே வளைந்தது. தந்தையார் பொருளை என் கையாலேயே கெடுத்தேன் என்று நெஞ்சு நொந்தது.

மறுநாள் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். நன்னூல் வகுப்பிற் பன்முறை பிழைவிட்டு என்னிடம் ஏச்சு வாங்கியவர். இன்று கராச் நடத்துகிறார். வளைந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, “விளிம்பிலை ஏன் ஐயா நெம்பினீங்கள்? பிடிச்சிருக்கிறது குடத்திலையெல்லோ?” என்றார்.

வண்டிச் சக்கரத்தின் நடுவைக் குடம் என்பது நம் முன்னோர் வழக்கு. அச்சொல்லை அகராதியிற் கண்டவன் யான். கையிற் கண்டவர் அவர்.

துருநீக்கும் எண்ணெய் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டார். காலையில் மரையாணியைச் சில சுற்று மட்டும் மீளப் பூட்டினார். தண்டின் மரை சிதையாமலும், கப்பி திடீரெனப் பாயாமலும் காப்பது அது. இழுப்புக் கருவியின் கைகளைக் குடத்தை ஒட்டிப் பொருத்தி, அதன் நடுத்திருகை இறுக்கினார். தீக்கொழுத்தியை நாடவில்லை, பெற்றோல் அருகிருந்தது. கொதிநீரிற் தோய்த்த துணியைக் குடத்திற் சுற்றினார். வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் பூட்டும் கொல்லர் அதனைக் காய்ச்சுவது எதற்கு? சூடேறிய இரும்பு விரியும். ஈண்டும் குடம் முந்தி விரிந்தது; தண்டு குளிர்ந்தே இருந்தது. திருகை இன்னும் அரைச் சுற்று முறுக்கினார். ‘டக்’ என்றோர் ஒலி. கப்பி தளர்ந்து, சிறு ஆப்புடன் கையில் வந்தது.

செய்யுளைப் பதம் பிரிக்கும்போது மாணாக்கர்க்கு யான் கூறுவதும் இதுவே: புணர்ந்த இடம் அறிந்து பிரி, அறியாது பிரிப்பின் சொல் சிதையும். சொல்லிக் கொடுத்தவன் மறந்தான். ஏச்சு வாங்கியவர் மறந்திலர். அதனை அவரிடமே சொன்னேன். அவர் நாணிச் சிரித்து, விளிம்பைப் பட்டடையில் வைத்து நிமிர்த்தத் தொடங்கினார்.

அவரிடம் தொழில் பழக வந்த இளைஞர் இருவரும் கடல் கடந்துவிட்டனர். அவர் கை ஓயுமாயின், அக்கையோடு வாழும் சொற்களும் ஓயும். ஆதலால் அடுத்த சனிக்கிழமை என் மாணாக்கரைக் குறிப்பேட்டுடன் அவ்விடம் அழைத்துச் செல்வதாய் இருக்கிறேன். அவர் சொல்ல, நாங்கள் எழுதுவோம்.

வண்டி ஓடுகிறது. கப்பியின் விளிம்பில் என் அவசரத்தின் வடு சிறிது தெரிகின்றது; அது இருக்கட்டும்.