600 ரூபாய்க்கும் முதல் ஏப்ரலுக்கும் நடுவே

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பட்டதாரிக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300, தேறாதவருக்கு 200. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40-க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவருக்குக் கிடையாது, அஞ்சல் வழியில் படித்தால் தடையில்லை. இவற்றுக்கெல்லாம் காரணம் புரிகிறது. ஒரு நிபந்தனைக்குத்தான் புரியவில்லை. உதவித்தொகை பெறுபவர் எங்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. சம்பளத்தையும் சுயதொழிலையும் இந்த விதி ஒரே தட்டில் வைக்கிறது. வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த மாதக் கடைசியிலேயே பணம் வந்துவிடும். தொழில் தொடங்கியவருக்கு முதல் மாதம் செலவு மட்டும்தான் வரும். பணம் மிகவும் தேவைப்படுகிற மாதத்தில் கையை எடுத்துக்கொள்கிற இந்த ஏற்பாடு, தொழில் தொடங்க நினைப்பவரைத் தயங்க வைக்கிறது என்பதே என் வாதம். கணக்கு எழுதும் தொழிலை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே போனால் வரும் நாகமலை புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். பாம்புபோல நீண்டு கிடக்கும் குன்றின் அடியில் 1965-இல் தொடங்கிய வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, அதற்கு மேற்கே 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் பி.காம். முடித்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அதே சாலையோரத்தில் மெஸ், பேக்கரி, மருந்துக் கடை, ஹார்டுவேர் கடை, சிமெண்டுக் கடை. கொஞ்சம் தள்ளி விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள். ஒரு பக்கம் கணக்குப் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், இன்னொரு பக்கம் கணக்கு எழுத ஆள் தேடும் சின்ன வியாபாரங்கள். நடந்து போகும் தூரத்தில் இரண்டும் இருந்தும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆள் தேவை உண்மையானதுதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு, நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி ஆண்டுக் கடைசியில் ஆடிட்டரிடம் கொடுக்கும் பழக்கம் செல்லாமல் போய்விட்டது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால், சேவை தருபவருக்கு 20 லட்சத்தைத் தாண்டினால், பதிவு கட்டாயம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ஆம் தேதிக்குள்ளும் ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதமாக இருந்தாலும் நாளுக்கு 20 ரூபாய். தொடர்ந்து இரண்டு தவணை விட்டுவிட்டால் சரக்கு அனுப்ப இ-வே பில் எடுக்க முடியாது, லாரி கடை வாசலிலேயே நிற்கும். வரம்புக்குக் கீழே இருக்கும் பொம்மைத் தொழிலாளிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் வங்கிக் கடன் கேட்டுப் போனால் அங்கேயும் வரவு செலவைக் காட்டச் சொல்வார்கள். நவராத்திரிக்கு முன்பு சில மாதங்களில் வருகிற காசை வைத்து ஆண்டு முழுவதும் ஓட்டுகிற தொழிலுக்கு, எழுதி வைத்த கணக்கு இல்லாவிட்டால் எந்த மேலாளருக்கும் நிலவரம் பிடிபடாது.

ஊர்ப்பக்கம் கணக்குப்பிள்ளை என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் அதிகாரத்தின் வாடை இருந்தது. பரம்பரையாக வந்த கர்ணம் என்னும் ஊர்க் கணக்குப்பிள்ளை பதவியைத் தமிழ்நாடு 1980 நவம்பரில் ஒழித்தது. இன்று அந்த வேலைக்குக் குலமும் வேண்டாம், நிலமும் வேண்டாம். டேலி மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் வேண்டும், தேதி தவறாத பழக்கம் வேண்டும். வணிகவியல் பட்டம் இருந்தால் ஜிஎஸ்டி பயிற்சியாளராகப் பதிந்து, தேர்வெழுதித் தேறி, பிறர் சார்பில் கணக்குத் தாக்கல் செய்யும் உரிமையும் பெறலாம். தணிக்கை மட்டும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டயக் கணக்காளருக்கு உரியது. அந்தக் கோட்டைத் தாண்டாதவரை களம் திறந்தே கிடக்கிறது.

பிறகு எங்கே சிக்குகிறது? முதல் தடை நம்பிக்கை. கணக்கு எழுதுபவர் கையில் கடைக்காரர் கொடுப்பது வெறும் பில் கட்டு இல்லை. தன் லாபம், கடன், யாரிடம் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்ற தொழில் ரகசியம், வரித்துறையின் கடவுச்சொல் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கொடுக்கிறார். புதியவரிடம் அவ்வளவையும் ஒரு நாளில் ஒப்படைக்க யாரும் துணிய மாட்டார்கள். அடுத்த தடை நாள்காட்டி. நிதியாண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. பாதி ஆண்டில் கணக்கு எழுதும் ஆளை மாற்றினால் குழப்பம் வரும் என்பது கடைக்காரருக்குத் தெரியும், அதனால் "ஏப்ரல்ல பார்த்துக்கலாம்" என்பார். அதில் தப்பும் இல்லை. ஜூலையில் தொழில் தொடங்குபவருக்கு அந்தப் பதில் ஒன்பது மாதத் தள்ளிவைப்பு. ஒரு பேச்சுக்கு, கடைக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலுக்கு முன்பு நான்கு கடைகள் கிடைத்தாலே பெரிய விஷயம், 4,000 ரூபாய். அதிலும் சிலர் தாக்கல் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் காசு தருவார்கள். இணையச் செலவும் பேருந்துச் செலவும் மென்பொருள் செலவும் அதற்காகக் காத்திருக்காது. ஏப்ரலில் இன்னும் பத்துக் கடைகள் சேர்ந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். அதுவரை அவருக்கு வேண்டியது முதலீடு இல்லை, மூச்சுவிட இடம்.

அரசின் சுயதொழில் திட்டங்கள் தருவதோ முதலீடு. படித்த வேலையில்லாதவர்களுக்கான மாநிலத் திட்டம் வங்கிக் கடனோடு 25 சதவீத மானியம் சேர்த்துத் தருகிறது. ஒன்றிய அரசின் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் மதிப்பு வரை அனுமதி உண்டு. முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சின்னக் கடன் வாங்கலாம். தறி போடுபவருக்கும் மாவு மில் வைப்பவருக்கும் இவை பொருத்தமானவை, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எழுதுபவர் எந்த இயந்திரத்தை வாங்குவார்? மடிக்கணினிக்கு மேல் கடன் வாங்கினால் அது வீட்டுச் செலவில்தான் கரையும். வருமானம் வருவதற்கு முன்பே தவணை வந்து நிற்கும்.

இதற்குப் புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதே இல்லை. பட்டதாரிக்கு மாதம் 600 வீதம் மூன்று ஆண்டுக்கு அரசு தரும் மொத்தத் தொகை 21,600 ரூபாய். சுயதொழில் தொடங்கியவுடன் அதை நிறுத்துவதற்குப் பதிலாக, அதே 21,600 ரூபாயை ஓராண்டுக்குள் மாதம் 1,800 வீதம் கொடுத்தால் என்ன? கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூட அதிகம் போகாது. ஆறு மாதத்தில் தொழில் நின்றுபோனால் மீதமுள்ள 10,800 ரூபாய், பழையபடி 600 வீதம் பதினெட்டு மாதங்களுக்கு ஓடட்டும். ஏற்கெனவே ஓராண்டு வாங்கியவருக்கு மீதி 14,400, அதை மாதம் 1,200 வீதம் ஓராண்டுக்குப் பிரித்துத் தரலாம். ஐந்து லட்ச ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அரசு தரும் 25 சதவீத மானியம் 1,25,000 ரூபாய் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்கு இந்த உதவித்தொகை மாதம் 1,000 வீதம் பத்து ஆண்டு வரை கிடைக்கிறது. கணக்கு எழுதுவது வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில். பத்து ஆண்டுக்கு நீளும் தொகையில் ஒரு பகுதியை முன்னால் நகர்த்தினாலே அவர்களில் பலருக்குப் பாதை திறக்கும்.

உதவி வாங்கினால் மனிதர் சோம்பேறியாகிவிடுவார், தொழில் செய்வதாகப் பொய் சொல்லி வாங்குவார் என்ற எதிர்வாதம் உடனே வரும். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்த அந்தத் திட்டத்தில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாதவரை, பெண் தொழில் செய்வது தகுதிக் குறைவாகக் கருதப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்து நாலு கடைக்குக் கணக்கு எழுதும் பெண் அதற்காக எதையும் இழப்பதில்லை. அதே வேலையை வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கும் அவருடைய தம்பி செய்தால், அன்றே தகுதி போய்விடுகிறது. ஒரே அரசு ஒரே வீட்டுக்குள் உழைப்புக்கு இரண்டு விலை வைப்பது நியாயமில்லை. பொய்க் கணக்கு என்ற அச்சத்துக்கும் இந்தத் தொழிலே விடை தருகிறது. மாதந்தோறும் தேதியோடு தடம் விட்டுப் போகிற தொழில் இது. வாடிக்கையாளருக்காகத் தாக்கல் செய்த கணக்கின் ஒப்புகை எண்களைக் காட்டச் சொன்னால் போதும். அதையும் மீறி ஒருவர் ஏமாற்றினால்கூட, எப்படியும் அவருக்குப் போயிருக்க வேண்டிய பணம்தான் சற்று முன்னால் போயிருக்கும்.

வெளிநாடுகள் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கின்றன. 1983-இல் பிரிட்டன் நாடு முழுவதும் விரித்த திட்டம் ஒன்று, தொழில் தொடங்கும் வேலையில்லாதவருக்கு வாரம் 40 பவுண்டு வீதம் ஓராண்டுக்குக் கொடுத்தது. ஜெர்மனி இன்று, அதிகாரியின் ஒப்புதலோடு, வேலையில்லாப் படியையும் அதற்கு மேல் மாதம் 300 யூரோவையும் ஆறு மாதத்துக்குத் தருகிறது. பிரிட்டன் திட்டத்தின் மீது வலுவான விமர்சனம் உண்டு, எப்படியும் தொழில் தொடங்கியிருக்கக்கூடியவர்களே பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று. அங்கே விண்ணப்பிப்பவர் 1,000 பவுண்டு கையில் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது, ஆகவே அந்த விமர்சனத்தில் வியப்பில்லை. இங்கே மாதம் 6,000 ரூபாய்க்குள் குடும்பமே வாழ்ந்தால்தான் உதவித்தொகை வாசலுக்கே வர முடியும். சேமிப்பிலிருந்து ஒன்பது மாதம் தாக்குப்பிடிப்பவர்கள் அந்த வரிசையில் நிற்க மாட்டார்கள்.

கணினியே எல்லாம் செய்யும் காலத்தில் மனிதக் கணக்காளருக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பில் பதிவது, கூட்டுவது, படிவம் நிரப்புவது ஆகியவற்றில் மென்பொருளின் பங்கு இன்னும் கூடும். ஆனால் வேலையின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்ற மொத்த வியாபாரி அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால், வரியைக் கையிலிருந்து கொடுத்தவருக்கே நஷ்டம். ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கையில் அந்த பில் இல்லை என்பதைக் கணினி காட்டும். அந்த வியாபாரியைக் கூப்பிட்டு, அடுத்து வரும் 11-ஆம் தேதிக்குள் ஏற்றச் சொல்லி, ஏற்றும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் எடுத்துச் சொல்வது யார்? பேக்கரிக்காரருக்குத் தொகுப்பு வரி முறை லாபமா, வழக்கமான முறை லாபமா என்று அவர் வியாபாரத்தைப் பார்த்து யோசனை சொல்வது யார்? பதிவு வேலைக்கு மட்டும் பழகியவர் பின்தங்குவார், அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் பயிற்சியே இந்த இடத்தில் தொடங்க வேண்டும்.

பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய முன்மாதிரியைப் பின்பற்றி, நாடெங்கும் மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் கணினிக் கணக்கியலை இலவசமாகக் கற்றுத்தருகின்றன. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துத் துணை நிற்பதும் அவற்றின் பொறுப்பு. யார் உண்மையில் தொழில் செய்கிறார், யாருக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று பார்க்க இன்னொரு அலுவலகம் கட்ட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு உதவித்தொகை பெறுபவர் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கிறார், வேலையில் இல்லை, சுயதொழில் செய்யவில்லை என்று. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: தொடங்கியிருக்கிறேன், தொடங்கிய தேதி இது, வாடிக்கையாளர் இத்தனை பேர்.