படம் ஏறுகிறது... ஏறிக்கொண்டே இருக்கிறது

கருங்கல் பக்கம் கல்யாணங்கள் கொத்துக் கொத்தாகத்தான் வரும். தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் நாள் குறிப்பதில்லை. ஆடியையும் மார்கழியையும் இந்துக் குடும்பங்கள் தள்ளிவைக்கும். ஈஸ்டர் கழிந்துவிட்டால் போதும், தேங்கி நின்ற தேதிகளெல்லாம் ஒரே மூச்சில் அவிழும். திங்கள்நகர் சாலையில் ஒரு கல்யாணம், புதுக்கடை சாலையில் இன்னொன்று என்று போட்டோகிராபர்கள் பைக்கில் பறப்பார்கள். முந்தின நாள் ராத்திரி வரவேற்பு, காலையில் கோவில், மதியம் மண்டபம் என எல்லாம் சேர்த்தால் இரண்டு கேமராவில் மூவாயிரம் படம் சாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா (பதப்படுத்தாத மூலப்) படம் சுமார் 25 எம்பி இருக்கும். ஆக ஒரு கல்யாணத்துக்கு 75 ஜிபி.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் பொறுமை போகும். 'கார்டு ஸ்லோ' என்று சொல்லிவிட்டு, அடுத்த சீசனுக்கு விலை கூடிய கார்டு வாங்குவார்கள். அப்போதும் திரையில் பச்சைக் கோடு பழையபடியே நகரும். பேச்சிப்பாறை அணை நிரம்பி வழிந்தாலும், கடைமடை வயலுக்கு மடை விடுகிற தண்ணீர்தானே பாயும்? கார்டு, ரீடர், கேபிள், துவாரம், ஹார்ட் டிஸ்க் என்று ஐந்து கைமாறிப் போகிறது படம். இதில் எது மெதுவோ அதுதான் மொத்த வேகம்.

பலர் கோட்டைவிடும் இடம் கேமராவில் மாட்டும் கேபிள். கேனான் 5டி மார்க் 3 என்ற 2012ஆம் ஆண்டுக் கேமராவில் இருப்பது யூஎஸ்பி 2.0. சரி, அது பழசு என்று விடலாம். 2019இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் புத்தம்புது டைப்-சி துவாரம், உள்ளே அதே 2.0 வேகம். இத்தனைக்கும் அதன் கார்டு துவாரம் வேகமான யூஎச்எஸ்-2 கார்டை ஏற்கும். வேகமான கார்டைப் போட்டு, மெதுவான கேபிளை மாட்டினால் என்ன ஆகும்? யூஎஸ்பி 2.0 ஏட்டில் 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி வந்தால் பெரிது. 75 ஜிபி ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே கார்டை நல்ல யூஎச்எஸ்-2 ரீடரில் செருகி, 250 எம்பி வேகம் கிடைத்தால் ஐந்தே நிமிடம். கேபிள் வழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிடிபி என்ற முறையில் கம்ப்யூட்டர் கேட்கக் கேட்க, கேமரா ஒவ்வொரு படமாகக் கொடுக்கும். ரீடரில் போட்டால் கார்டு ஒரு சாதாரண டிரைவாகத் தெரியும். கேமரா பேட்டரியும் மிச்சம்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டின் முதுகில் ஒரே வரிசையில் 9 பித்தளை நிறக் கால்கள். யூஎச்எஸ்-2 என்றால் அதற்குக் கீழே இன்னொரு வரிசை, மொத்தம் 17. இரண்டாவது வரிசையைத் தொடாத ரீடரில் போட்டால் அந்தக் கார்டும் யூஎச்எஸ்-1 ஆகத்தான் ஓடும், அதிகபட்சம் 104 எம்பி. முகப்பில் பெரிதாக 170, 200 என்று அச்சிட்டிருக்கும் சில யூஎச்எஸ்-1 கார்டுகள் அந்த வேகத்தை அதற்கென உள்ள ரீடரில் மட்டுமே தரும். மற்ற ரீடரில் 90க்குப் பக்கம் வந்து நின்றுவிடும். அந்தப் பெரிய எண் படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு வி30, வி60 என்ற சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

யூஎஸ்பி என்பதே நம் நாட்டில் பிறந்த ஒருவர் கைபட்ட சமாச்சாரம்தான். வடோதராவில் படித்த அஜய் பட், இன்டெல்லில் இருந்தபோது அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். முதல் பதிப்பு 1996இல் வந்தது. இன்டெல் 2009இல் அவரை ராக் ஸ்டாராகக் காட்டி விளம்பரம் எடுத்தது. அதில் வந்தவர் அவர் இல்லை, ஒரு நடிகர்! முனையைத் திருப்பித் திருப்பிச் செருகி வெறுத்தவர்களுக்கு ஒரு செய்தி: இருபுறமும் செருகும்படி அப்போதே செய்திருக்கலாமாம், செலவு கூடும் என்று விட்டுவிட்டார்களாம்.

2008இல் வந்த யூஎஸ்பி 3.0 துவாரத்தில் பெரும்பாலும் நீல நாக்கு இருக்கும். பழைய நான்கு தொடுகம்பிகளோடு இன்னும் ஐந்து. முனையை மெல்ல மெல்லச் செருகினால் பழைய நான்கு மட்டும் முதலில் பட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்றே முடிவுகட்டிவிடுவதுண்டு. வேகம் வராவிட்டால் எடுத்து, ஒரே அழுத்தாகச் செருகிப் பாருங்கள். இடையில் மலிவு ஹப் வேண்டாம்.

எல்லாம் சரி, போய்ச் சேருமிடம்? சுழலும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 100 எம்பியைச் சுற்றித்தான் எழுதும். நிரம்ப நிரம்ப இன்னும் குறையும். இரண்டு கார்டையும் ஒரே நேரத்தில் அதில் காப்பி போட்டால் ஊசி அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி எழுதும். என்னைக் கேட்டால், அடுத்த கார்டு வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் ரீடர், பிறகு எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் ஆல்பம் முடிந்த கல்யாணங்களைச் சேர்த்துவைக்க உதவும்.

லைட்ரூம் மென்பொருளில் நேரடியாக இறக்குமதி செய்து, கூடவே முழு அளவு முன்னோட்டமும் கேட்பவர்கள் ஏற்றுவதையும் சமைப்பதையும் ஒன்றாகச் செய்கிறார்கள். முதலில் வெறுமனே காப்பி. பிறகு லைட்ரூமில் சேர்த்துக்கொள்ளலாம். 'கட்' போட்டு நகர்த்துவது மட்டும் கூடாது. பாதியில் கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டு இடத்தில் காப்பி ஆன பிறகு, கேமராவிலேயே வைத்து ஃபார்மெட். புதுக் கார்டு போலியா என்று சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

இத்தனையும் செய்தாலும், கல்யாணத்தன்று சாயங்காலமே குவைத்தில் இருக்கும் உறவினர்களிடமிருந்து அழைப்பு வரும். "ரெண்டு போட்டோ அனுப்பப்பிடாதா மக்கா?" அவர்களுக்கு வேண்டியது மூவாயிரம் அல்ல, இருபது. இரண்டு கார்டு துவாரம் உள்ள கேமராவில் ஒன்றில் ரா, மற்றதில் சின்ன ஜேபெக் என்று வைத்துவிடலாம். சின்னப் படம் ஏறக்குறைய இரண்டு எம்பிதான். மூவாயிரமும் சேர்ந்து 6 ஜிபி, பழைய யூஎஸ்பி 2.0இல்கூட மூன்று நிமிடம். ரா கார்டு பின்னால் ஆற அமர ஏறட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரா கார்டு கெட்டுப்போனால் அந்தச் சின்னப் படத்தை வைத்து ஆல்பம் அடிக்க முடியாது. அந்த பயம் இருப்பவர்கள் ஜேபெக்கைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பதுதான் வழி.