ஏர்கோனில் தண்ணீர் சொட்டினால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கினால் நம்மில் பலர் முதலில் சொல்வது, "கேஸ் முடிஞ்சிருக்கும்." வீட்டுச் சுவரில் மாட்டிய ஏர்கோனுக்கும் இதே தீர்ப்புதான், பஸ் கூரையில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஏர்கோனுக்கும் இதே தீர்ப்புதான். லூனாஸில் சொந்தமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டும் என் மாமாவும் இதை நம்பி, ஆறு மாதத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் சில நூறு வெள்ளி போனது. தண்ணீர் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

லூனாஸ், பாடாங் செராய் பக்கம் விடியற்காலையில் சாலையோரம் நின்றால் இந்த பஸ்களை வரிசையாகப் பார்க்கலாம். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவை அவை. பாட்டி காலத்தில் தோட்டத்து லோரியில் நின்றுகொண்டு வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், இன்று அதில் அமர்ந்து போகிறார்கள். சீருடை நனைந்து 12 மணி நேர ஷிப்ட்டுக்குள் நுழைய யாருக்குத்தான் பிடிக்கும்? நிர்வாகத்திடம் புகார் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது முறை போனால் மாமாவின் குத்தகை கைமாறிவிடும் என்ற நிலை.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது கேஸ் அல்ல, காற்றில் இருந்த நீர். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராவி துளியாக மாறத் தொடங்கும். ஏர்கோனின் குளிர்ச் சுருளோ அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கிறது. ஐஸ் மைலோ குவளையின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

பஸ்ஸில் இன்னொரு கணக்கும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை வெளியிடுகிறார். 40 பேர் என்றால் மணிக்கு 2 லிட்டர்! படிவம் 4 இயற்பியலில் 'ஹபா பெண்டாம்' என்று மலாயில் படித்தோமே, அந்த உள்ளுறை வெப்பம் இங்கே வேலை செய்கிறது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுருளிடம் விட்டுச் செல்கிறது. இந்த 2 லிட்டரைப் பிழிந்தெடுப்பது, எரிந்துகொண்டிருக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தை பஸ்ஸிலிருந்து வெளியேற்றுவதற்குச் சமம்.

சொல்லப்போனால், ஏர்கோன் பிறந்ததே தண்ணீரைப் பிடிக்கத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே வில்லிஸ் கேரியர் தம் இயந்திரத்தை வடிவமைத்தார். ஆக, ஏர்கோனில் தண்ணீர் ஊறுவது இயல்பு. அது தப்பான வழியில் வெளியேறுவதுதான் கோளாறு.

கேஸுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, அதனால்தான் பட்டறைக்காரர்களை முழுதாகக் குறை சொல்ல முடியாது. கேஸ் குறைந்தால் சுருளில் அழுத்தம் இறங்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பனிக்கட்டி படியும். அது உருகும்போது ஒரேயடியாக வழியும். ஆனால் அழுக்கேறிய வடிகட்டியும் ஓடாத விசிறியும்கூட இதே பனிக்கட்டியை உண்டாக்கும். மேலும், கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பஸ் கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் போட்டுச் சுழற்றுவதால் அதன் தண்டுச் சீலில் சிறிது கசிவது உண்டுதான். ஆனாலும் அழுத்தத்தை அளந்து பார்க்காமல், கசியும் இடத்தைத் தேடாமல் ஏற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பஸ்களில் பரவலாக உள்ள ஆர்134ஏ கேஸ், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது.

பருவ விடுமுறையில் ஒரு வாரம் மாமாவோடு பஸ்ஸில் போய் வந்தேன். "எப்ப சொட்டுது மாமா?" என்று கேட்டதற்கு, "எப்பவும்தான், போ" என்றார். எங்கே சொட்டுகிறது என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். எப்போது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் நேரம், வானிலை, ஏர்கோன் ஓடியதா, பஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்தேன். நான்கே நாளில் ஒரு விஷயம் தெளிவானது: ஒழுகல் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, மழையில்லாத காலையில் ஏர்கோன் ஓடி அரைமணி நேரம் கழித்து, இடப்பக்க இருக்கைகளின் மேல், பிரேக் போடும்போது வந்தது. இரண்டாவது, பஸ் சும்மா நின்றிருந்த மாலையில், ஏர்கோனே ஓடாதபோது, மழை கொட்டிய பின் நடுக்கூரையில் வந்தது.

முதலாவதற்கு வருவோம். சுருளுக்குக் கீழே நீர் பிடிக்கும் தட்டு, பஸ்ஸின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் வடிகுழாய் பஸ்ஸின் தூணுக்குள் இறங்கி அடித்தளத்துக்கு வெளியே முடிகிறது. குழாய் அடைத்தால் தட்டு நிரம்பும், பிரேக் போட்டால் அலையடித்து விளிம்பைத் தாண்டும். மாமா இன்ஜினை நிறுத்தி, விசிறிக்கான 24 வோல்ட் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்தார். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஒவ்வொரு தட்டிலும் ஊற்ற, நான் கீழே வாளியோடு நின்றேன். வலப்பக்கம் ஒரு நிமிடத்துக்குள் முழுதாக வந்துவிட்டது. இடப்பக்கம் சொட்டுச் சொட்டாக அரைக் கிண்ணம்கூட வரவில்லை. தண்ணீர் உறிஞ்சும் வேக்குமைக் குழாயின் கீழ் முனையில் வைத்து இழுத்ததும், தூசியும் துணிநூலும் பாசியும் சேர்ந்த வழவழப்பான உருண்டை ஒன்று வந்து விழுந்தது. காற்றடித்துத் தள்ளலாமே என்று தோன்றும். அதிக அழுத்தத்தில் தூணுக்குள் இருக்கும் இணைப்பு கழன்றால், பிறகு சுவருக்குள்ளேயே ஒழுகும். கேஸுக்கு மூன்று முறை கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. மாமா அன்று மாலை முழுவதும் அதிகம் பேசவில்லை.

அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் மாணவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். சுவிட்சை அணைத்து, வடிகட்டியைக் கழுவி, வெளிச்சுவரில் இறங்கும் குழாயில் நீர் வருகிறதா என்று பாருங்கள். மின்பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், அது பயிற்சி பெற்றவர் வேலை.

இரண்டாவது ஒழுகல் மழைநீர். கூரை ஓட்டைக்கும் யூனிட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டை தட்டையாகிவிட்டது. அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் கேம்பர் வண்டிகளிலும் இது பழைய தலைவலிதான். அவற்றின் கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை வெட்டி, அதன்மேல் ஏர்கோனை வைத்து, உள்ளிருந்து போல்ட் முடுக்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு வடிகுழாயே கிடையாது, ஊறும் நீர் கூரையில் ஓடி விழும். கூரை குழிந்தால் நீர் தேங்கி, பட்டையைத் தாண்டி உள்ளே வரும். ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் முடுக்கினால் பட்டை நசுங்கி இன்னும் மோசமாகும். பாதித் தடிமனுக்கு அமுங்கினால் போதும்.

சுற்றிலும் சிலிகோன் பூசச் சிலர் யோசனை சொன்னார்கள். நசுங்கிய பட்டையை அது சரிசெய்யாது, பிறகு யூனிட்டைக் கழற்றுவதையும் சிரமமாக்கும் என்று மாமா மறுத்துவிட்டார். யூனிட்டைத் தூக்கி இறக்க ஒரு நாள் முழுக்க வேண்டும், தொழிற்சாலை மூடும் தீபாவளி விடுமுறைக்குப் பட்டறையில் நாள் வாங்கியாகிவிட்டது. அதுவரை மழை நாளில் நடுவரிசை இருக்கைகள் இரண்டில் யாரையும் அவர் உட்கார விடுவதில்லை.