அட்டைக் கடியும் காப்பீட்டு அட்டையும்

குரங்கணிப் பகுதியிலிருந்து வரும் குடும்பத்தினர் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கி வர முடியவில்லை, டாக்டர். இந்தக் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா? பெரிய டாக்டராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

நியாயமான கேள்வி. இதற்கு உரிய நேரத்தில் உரிய விடை சொல்லத் தவறியதன் விளைவை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் நீரிழிவு நோய்க்காக என்னிடம் சிகிச்சை பெற்றார். வீடு திரும்பும் நாளில், "மாதம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிச் செல்லுங்கள்" என்று கூறி அனுப்பினேன். அவர் வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவும் உண்டு. வழியில் ஒரு தனியார் மருந்தகத்தில் கேட்டிருக்கிறார். இந்த அட்டை இங்கே செல்லாது என்றார்களாம். அட்டை செல்லாவிட்டால் வைத்தியமும் இல்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் தோட்டத்து அட்டை ஒன்று காலில் கடித்தது. சொறிந்த இடம் புண்ணானது. நீரிழிவால் பாதம் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. விரல்கள் கறுத்த பிறகே வந்தார். இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது.

அந்த அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை பயன்பட்டது. ஆனால் அந்த நிலை வராமல் காத்திருக்கக்கூடிய மாத்திரைகளுக்கு அட்டையே தேவைப்பட்டிருக்காது. அவை அவருடைய ஊருக்கு அருகிலேயே இலவசமாகக் கிடைத்திருக்கும். இதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அட்டை எதற்கு உரியது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் இப்பெயரில் நடைமுறையில் உள்ளது. 2018-இல் தேசியத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். பட்டியலிடப்பட்ட அறுவைச் சிகிச்சைகள், உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சைகள், சில உயர் பரிசோதனைகள், சில தொடர் சிகிச்சைகள் ஆகியவற்றுக்கே இது பொருந்தும். காய்ச்சலுக்கு ஊசி போடவும், மாதாந்திர மாத்திரை வாங்கவும் ஏற்பட்ட திட்டம் அன்று இது. எனவே சிறு மருந்தகம் ஒன்றில் அட்டையை மறுத்தால் அதனால் உங்கள் அட்டை பயனற்றது என்று பொருளாகாது.

அருகில் இருப்பவர் யார்?

பெரிய மருத்துவமனைகளில் மருத்துவருக்கு உதவியாக வெள்ளை அங்கியில் நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பலர் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' எனப்படும் மருத்துவர் உதவியாளர்கள். அமெரிக்காவில் 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு தோன்றியது. அங்கே மருத்துவர் குறைவாக உள்ள சிற்றூர்களில் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் பலர் இவர்களே; காப்பீட்டையும் ஏற்கிறார்கள். இந்தியாவில் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியனின் முயற்சியால் இப்படிப்பு தொடங்கியது. ஆயினும் நம் நாட்டில் இவர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்குள் சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில்தான் பணியாற்றுகிறார்கள். போடி மலைச்சரிவில் இவர்களைத் தேடுவதில் பயனில்லை.

அந்த இடத்தில் நமக்கு இருப்பவர்கள் வேறு. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர், நலவாழ்வு மையங்களில் பணிபுரியும் இடைநிலை சுகாதாரப் பணியாளர், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோரே அவர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைத் தொடர்ந்து தருவது, நிலைமை மாறினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது ஆகியவை இவர்களுடைய பணிகள். இவர்கள் எவரும் காப்பீட்டு அட்டையைக் கேட்பதில்லை, சிகிச்சை இலவசம். மருத்துவரிடம் பேச வேண்டுமானால் இ-சஞ்சீவனி தொலைவழி ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

ஆகவே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் இதைத் தவறாமல் கேளுங்கள்: "இந்த மாத்திரைகளில் எவை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும்? அவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள்." அந்தச் சீட்டை ஊர்ச் செவிலியரிடம் காட்டுங்கள்.

அட்டையை எப்போது எடுப்பது?

நோய் வந்த பின்னர் அட்டைக்கு அலைவதே பலருடைய வழக்கமாக உள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இத்திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிகிச்சை பெறுபவரின் பெயர் குடும்ப அட்டையில் இருப்பது அவசியம். புதிதாக மணமாகி வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர்கள் விடுபட்டிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்லும்முன் "இங்கே காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்பது போதாது. ஒரு மருத்துவமனை எல்லா நோய்களுக்கும் அங்கீகாரம் பெற்றிருக்காது. "இன்ன நோய்க்கு, இன்ன சிகிச்சைக்கு, இந்த அட்டையில் இங்கே செய்வீர்களா?" என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் இதைத் தெரிந்துகொள்ளலாம். திட்டத்தில் ஏற்கப்பட்ட சிகிச்சைக்கான தொகை மருத்துவமனைக்கே நேரடியாகச் செல்கிறது. அதற்கென உங்களிடம் முன்பணம் கேட்டால் அதே எண்ணில் தெரிவியுங்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு

நம் மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வாகனப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியே செல்கிறது. போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோரும் பலர். தமிழக அட்டை கேரள மருத்துவமனைகளிலும் செல்லும் என்று எல்லோரும் எண்ணிவிட வேண்டாம். தேசியத் திட்டப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களே பிற மாநில அங்கீகார மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்த இயலும். உங்கள் குடும்பம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்து வையுங்கள்.

அவசரத்தில் அட்டையைத் தேடாதீர்கள்

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை மலையிலிருந்து சுமந்து இறக்கிய காட்சி நம் நினைவில் உள்ளது. இம்மலையில் காலம் எவ்வளவு அரியது என்பதை அன்று கண்டோம். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, பிரசவ வலி ஆகியவற்றின்போது பீரோவில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையிலும், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படாது. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை தேவையில்லை.

நிறைவாக, நீரிழிவு உள்ள தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் வீடு திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறியாமல் சோப்பிட்டுக் கழுவுங்கள். வலி இல்லை என்பதற்காகப் புண்ணைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ அன்றே ஊர்ச் செவிலியரிடம் காட்டுங்கள்.

நான் மேலே குறிப்பிட்ட பெண்மணிக்கு இப்போது ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே வந்து மாத்திரை தருகிறார். என்னிடம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். காப்பீட்டு அட்டை அவருடைய வீட்டில் பத்திரமாக இருக்கிறது.